சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏற வேண்டிய கார்

சுவிஸில் சொந்தமாகக் கார் வைத்திருந்தும் கடைசிவரை ரயிலிலேயே போய்வந்த ஒரே தமிழர் எங்கள் கப்பல் அண்ணைதான். ரயிலில் போனதுகூடப் பரவாயில்லை. ஓர்லிகோனில் பழைய சாமான்காரன் ஒருவனிடம் வாங்கிய முன் பம்பரைத் தோளில் சுமந்துகொண்டு அவர் ஆராவ் ரயிலில் ஏறியதை நானே பார்த்தேன். டிக்கெற் பார்க்க வந்த பெண் அந்த இரும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தாள். அண்ணை பணிவாக இரண்டு டிக்கெற் நீட்டினார். ஒன்று தனக்கு, மற்றது சைக்கிள் ஏற்றுவதற்கு எடுக்கிற டிக்கெற். இது சைக்கிள் இல்லையே என்றாள் அவள். சைக்கிளைவிட இது சாதுவானது, சில்லில்லை, எங்கேயும் உருண்டு போகாது என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளங்கப்படுத்தினார்.

உலக யுத்தம் முடிந்த கையோடு அமெரிக்காவில் ஒரு கொம்பனி செய்த கார் அது. நீளத்தைப் பார்த்தால் கப்பல்தான். கொம்பனி நாங்கள் பிறக்க முந்தியே படுத்துவிட்டது. அண்ணையின் ஊரில் வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்தர் அதே கார் வைத்திருந்தார். வசதியான வீட்டுக் கலியாணம் என்றால் பொம்பிளை அதில்தான் வருவாள். அண்ணையின் கலியாணத்துக்கும் அதைச் சொல்லிவைத்திருந்தார்கள். யுத்த காலம், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. கடைசியில் அண்ணையின் மனிசியை, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவரை, பட்டுச்சேலையோடு மண்ணெண்ணெயில் ஓடிய உழவு இயந்திரத்தில் ஏற்றிப்போனார்கள். அதை அக்கா சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

"பொறுமன். என்ர பிள்ளை அந்தக் காரிலதான் கலியாணத்துக்குப் போவாள்," என்று அண்ணை சபதம் போட்டது 2009இல். பிள்ளை துஷி அப்போது பள்ளிக்கூடத்தில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஆராவுக்குப் பக்கத்தில் ஒரு கமக்காரனின் கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில் காரின் உடம்பு கிடைத்தது. பின் சீற்றில் கோழிகள் முட்டை இட்டுக்கொண்டிருந்தன. அந்த மனிசன் காரோடு கொட்டகையின் ஒரு மூலையையும் கொடுத்தான். அன்று தொடங்கியது தேடல். ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை முடிந்தால் அண்ணை கொட்டகையில் நிற்பார், அல்லது எங்காவது ரயிலில் இருப்பார். கதவுக் கைப்பிடி சுவீடனில் இருந்து வந்தது. சில்லு மூடி ஒன்று பேர்ண் பக்கத்து மலைக்கிராமத்தில் ஒரு கிழவி வீட்டுப் பூனை பால் குடிக்கும் கிண்ணமாக இருந்தது. கிழவி தரமாட்டேன் என்றாள். அடுத்த கிழமை அண்ணை ஒரு எவர்சில்வர் கிண்ணமும் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸும் கொண்டுபோனார். கிழவி ரோல்ஸில் விழுந்துவிட்டாள். பூனைதான் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

கார் உருவாக உருவாகச் சட்டங்களும் பிறந்தன. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ." கோயிலில்கூட அவர் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. காரில் ஒரு தூசி விழுந்தாலும் துணியோடு ஓடுவார். "என்ர முகத்தை இந்த மனிசன் ஒருநாளும் இப்பிடித் துடைச்சுப் பாத்ததில்லை," என்பார் அக்கா.

துஷி வளர்ந்தாள், கலியாணமும் பொருந்தியது. கலியாண அழைப்பிதழில் அண்ணையின் உண்மையான பெயரைப் பார்த்துவிட்டு இது யார் வீட்டுக் கலியாணம் என்று பாதிச்சனம் கேட்டது. காரும் தயார். இனி வாகனப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அதில் தேறாவிட்டால் நம்பர் பிளேட் இல்லை, வீதியில் ஓட முடியாது. கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நேரம் தந்தார்கள். கமக்காரன் காரை ட்ரெயிலரில் ஏற்றி உழவு இயந்திரத்தில் இழுத்துவந்தான். உழவு இயந்திரம் அண்ணையை இங்கேயும் விடவில்லை. ஜெர்மன் கதைக்க நான் கூடப்போனேன்.

"அண்ணை, உள்ள கூப்பிடுறாங்கள்."

"விசரோ உனக்கு? வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னிரண்டு மட்டும் ராகு காலம். கலண்டரில பாத்திட்டுத்தான் வந்தனான்."

"சுவிஸ்காரனுக்கு ராகுவைத் தெரியாதண்ணை."

"ராகுவுக்கு அவனைத் தெரியும். பிள்ளையின்ர கலியாணக் கார், தம்பி. பேசாம நில்."

நான் சொன்னேன், கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன். மனிதர் அசையவில்லை. சரியாகப் பன்னிரண்டுக்கு வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே போனார். சரியாகப் பன்னிரண்டுக்கு அவர்கள் சாப்பாட்டுக்காகக் கதவைப் பூட்டினார்கள். பரிசோதகர் நல்ல மனிதர், காரைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார். ஆனால் அடுத்த நேரம் கலியாணத்துக்குப் பிறகுதான் இருந்தது.

என்னையும் கூட்டிக்கொண்டு பேர்ண் கோயில் ஐயரிடம் போய் அண்ணை முறையிட்டார். ஐயர் நிதானமாகக் கேட்டார்.

"உங்கட கலண்டர் எங்க அடிச்சது?"

"கொழும்பில."

"ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரியனை வைச்செல்லோ பாக்கிறது? இஞ்ச பத்தரைக்கு ராகு இல்லை. நீங்கள் உள்ள போனீங்கள் பாருங்கோ, அதுதான் ராகு காலம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். இத்தனை வருடம் பாடுபட்ட மனிதருக்கு அந்த ராகு கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான். சொல்லிக்காட்டுவதற்கென்றே பிறந்த அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அண்ணைக்கு அதுதான் கூட வலித்திருக்கும்.

கலியாணத்தன்று பொம்பிளையை மண்டபத்துக்குக் கொண்டுபோனது என் பழைய கார். ஏறியதும் துஷி சொன்னாள்.

"மாமா, முதல்ல கொட்டகைக்கு விடுங்கோ."

அங்கே பட்டுவேட்டியோடு அண்ணை காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அப்பா, காணிக்குள்ள ஓட நம்பர் தேவையில்லைத்தானே?" என்று அவள் பின்கதவைத் திறந்தாள். மனிதர் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"பிள்ளை, செருப்பு."

நகையெல்லாம் குலுங்கச் சிரித்துக்கொண்டு கழற்றினாள். கொட்டகை வாசலிலிருந்து செரி மரங்களுக்கு நடுவால் வீதி ஓரம்வரை ஓட்டினார். அதற்கு மேல் ஓரடி போகவில்லை. இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் என் காருக்கு மாறினாள், அவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மண்டபம் கிட்ட வரும்போதுதான் கதைத்தார். "கிளச் கொஞ்சம் இறுக்கம். அடுத்தமுறை பாப்பம்." அவருக்கு இருந்ததோ ஒரே பிள்ளை.

அடுத்த மாதப் பரிசோதனையில் கார் ஒரு குறையும் இல்லாமல் தேறியது. அதன் பிறகும் அண்ணை ரயிலில்தான் வேலைக்குப் போனார். ஏன் என்று கேட்டால், "ஆரை ஏத்துறது?" என்பார்.

போன மாரியில் அண்ணை போய்விட்டார். சென்ற மாதம் துஷி அந்தக் கப்பலை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் ஹோர்ன் அடித்தாள். "ஏறுங்கோ மாமா, மழை." சப்பாத்தைக் கழற்றச் சொல்ல ஆளில்லை. இருந்தாலும் நனைந்துகொண்டே குனிந்து நாடாவை அவிழ்த்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவளும் வெறுங்காலோடுதான் கிளச்சை மிதித்துக்கொண்டிருந்தாள்.