போகிற வழியில் ஓர் அலமாரி

தெருவில் அவருக்கு 'லாஜிஸ்டிக்ஸ்காரர்' என்று பெயர். கிடங்கு மேலாளர். வீடு மாற்றுவதென்று முடிவானதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரார் சரக்கையெல்லாம் கொண்டு சேர்ப்பவர், சொந்தச் சாமான் என்றால் சும்மா இருப்பாரா?

"லாஜிஸ்டிக்ஸுன்னா என்னங்க? சாமான் தூக்குறதுதானே?" என்று கேட்டாள் மனைவி.

"தூக்குறது சுலபம்டி. எதை, எப்போ, எப்படிக் கொண்டு சேர்க்கணும்னு யோசிக்கணும் பாரு, அதான் லாஜிஸ்டிக்ஸ். முக்கியமா, எந்த வண்டியும் காலியா ஓடக் கூடாது."

"அப்ப எங்கப்பா செஞ்ச அலமாரி?"

"அது வேணாம். புது வீடு சின்னது. என் சாய்வு நாற்காலிக்கே இடம் பத்தாது."

அவள் அப்பா தச்சர். மகள் கல்யாணத்துக்குத் தன் கையால் இழைத்துக் கொடுத்த அலமாரி அது. இப்போது அவரும் இல்லை. அவள் சரியென்று தலையாட்டினாள். மறுநாள் காலை, கிடங்குக்குக் கிளம்பியவரின் ஸ்கூட்டரில் துணி சுற்றிய நீளக் கட்டு ஒன்றைக் கட்டினாள்.

"புது வீடு போற வழிதானே? வண்டி ஏன் காலியா போகணும்? உள்ள வச்சிட்டுப் போங்க."

மனிதர் பூரித்துப் போனார். சொன்னது மண்டையில் ஏறிவிட்டதே! அன்றிலிருந்து தினம் ஒரு கட்டு. முதுகு பிடித்துக்கொண்டது. பெருமைக்கு முன்னால் முதுகு எம்மாத்திரம்?

லாரி வந்த அன்றும் அவள் கண் கலங்கவில்லை, முணுமுணுக்கவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. அப்பன் நினைவாக அவளுக்கு இருப்பது அது ஒன்றுதானே, படுபாவி நான் என்று உள்ளுக்குள் உருகிப்போனார். அலமாரிக்கு இடம் வேண்டுமே என்று, விறுவிறுவென்று தன் சாய்வு நாற்காலியைத் தூக்கிப்போய் எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"முதல்ல அலமாரியை ஏத்துங்கப்பா!"

படுக்கையறையில் அலமாரியைத் தூசி படாமல் மூடியிருப்பதாக அவர் நினைத்திருந்த போர்வையை ஆட்கள் விலக்கினார்கள். அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன.

"அலமாரி எங்கடி?"

"புது வீட்டுலங்க. போன வாரமே ஒண்ணாச் சேத்துப் பூட்டி நிறுத்திட்டேன். தச்சர் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"யாரு கொண்டுபோனது?"

"நீங்கதான். பலகை பலகையா."

"என் சட்டையெல்லாம் அதுலதானே இருந்துச்சு?"

"நீங்க என்னிக்கு அதைத் தொறந்தீங்க? தெனமும் சட்டை கட்டில்மேல வந்துடுதில்ல?"

அப்போதுதான் நாற்காலி இல்லாததை அவள் கவனித்தாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"எனக்காகவா குடுத்தீங்க?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அலமாரிக்குப் பக்கத்துல அதுக்கும் இடம் அளந்து வச்சிருந்தேனேங்க!"

எதிர்வீட்டிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.