மேல்கோடு எழுதிய டன் நைனா

இளைப்பதற்காகக் காசு கட்டி, அந்தக் காசாலேயே பருத்த மனிதர் தமிழ்நாட்டில் ஒருவர்தான். அவர் எங்கள் டன் நைனா. எழுபதுகளின் பிற்பாதியில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையொன்றில் லாரி எடைமேடை அவர் பொறுப்பு. அவர் உட்கார்ந்தது போக மிஞ்சிய சுவரோரத்தில் ஒண்டி எடைச் சீட்டு எழுதும் குமாஸ்தா நான். எல்லோரையும் நைனா என்று அழைப்பார், அதனால் நைனா. டன் எதற்கென்று அவரைப் பார்த்தவர்கள் கேட்டதில்லை.

தினக்கூலியாக இருந்த அவரை நிரந்தரமாக்க ஆலை சம்மதித்தது. ஆலை டாக்டர்தான் குறுக்கே நின்றார். தை மாதப் பரிசோதனையில் நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இருக்கிற வேலையும் போகும்.

முதலில் தபால்வழி இளைப்புத் திட்டம். டப்பாவில் மாவு வரும். சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் வீதம் தினமும் நாலு டம்ளர் என்று தாளில் போட்டிருந்தது. நைனா சாப்பிடுவதோ மூன்று வேளை. நாலாவது டம்ளருக்குப் பின்னால் வர ஒரு சாப்பாடு வேண்டுமே என்று மாலையில் பரோட்டாவைப் புதிதாக ஏற்படுத்திக்கொண்டார்.

நிறுப்பது தொழில் என்பதால் இதையும் நிறுத்துப் பார்த்தார். பாதகம், வேட்டி இடுப்பைச் சுற்ற எட்டவில்லை. சாதகம், மாதாமாதம் 'அன்புள்ள ஐயா' என்று கடிதம் வந்தது. அவரை ஐயா என்றவர்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான். திட்டம் நல்ல திட்டம் என்று முடிவு கட்டினார்.

அடுத்தது சென்னையில் ஒரு நடுக்கப்பட்டை நிலையம். இடுப்பில் வாரை மாட்டி மோட்டாரைப் போட்டால் கொதிக்கும் உலைமூடிபோல் ஆள் அதிருவார். ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். சேர்ந்த அன்று அவரைச் செருப்பு, குடை, சாப்பாட்டுத் தூக்கோடு நிறுத்தி எடை பார்த்திருந்தார்கள். இப்போது வெறும் பனியனோடு. எடை குறைந்திருந்தது. அங்கிருந்த பெண் கைதட்டினாள், நைனா வெட்கப்பட்டார். பழைய இரும்பு லாரிக்காரன் கிளீனரை உள்ளே படுக்க வைத்து எடை போடுகிற வேலைதானே இது என்று ரயிலில் கேட்டேன்.

"தெரியும் நைனா," என்றார், வடையைப் பிட்டபடி. "ஆனா அது கைதட்டிச்சே, அத்த எந்த மேடைல ஏத்தி நிறுப்பே?"

தை வந்தது. நைனா ஏறியதும் டாக்டரின் தராசு ஒருமுறை முனகிப் படுத்துவிட்டது. நைனாவின் லாரி மேடையிலேயே நிறுத்துச் சீட்டு அனுப்பச் சொன்னார் டாக்டர். ஷிப்டு முடிகிற நேரம். சாய்ந்த வெயிலில் இரும்புத் தூசி மினுங்க, லாரி நிற்கும் இடத்தில் ஒரு மனிதர் தனியாக நின்றார். உள்ளே நான் எடைக்கோலில் குண்டை நகர்த்தினேன். எங்கள் கோலில் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் கோடு. எடை நூற்றுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவில் நின்று ஆடியது.

நடுவில் நின்றால் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வரும் சரக்குக்குக் கீழ்க்கோடு, வெளியே போகும் சரக்குக்கு மேல்கோடு. எப்படியும் ஆலைக்கு நஷ்டமில்லை.

"நைனா, நீ வேலைக்கு உள்ள வர்ற ஆளு. கீழ்க்கோடுதான்," என்றேன்.

இறங்கி வந்து குண்டு நின்ற இடத்தைப் பார்த்தார். "காலைல உள்ள வந்தேன், சரி. இப்ப ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன். அப்ப நான் இன்னா சரக்கு?"

"யாரு கேக்கப் போறாங்க?"

"லாரிக்காரனும் தெனம் இத்தத்தான் சொல்றான் நைனா." பேனாவை வாங்கி மேல்கோட்டை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார், விதியை மாற்றவில்லை. மாதக் கடைசியில் நைனா நாயுடுபேட்டைப் பக்கம் மச்சானின் அரிசி ஆலைக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவன் ஒல்லி. எடைமேடை அறையில் இப்போது இருவரும் தாராளமாகக் கால் நீட்டலாம். நான் மட்டும் நெடுநாள் சுவரோரம் ஒண்டியே எழுதிக்கொண்டிருந்தேன்.