நெவில் மிச்சம் பிடித்த மின்சாரம்

நெவில் மின்சாரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த முதல் மாதமே ஆலையின் மின்கட்டணம் ஏறியது.

மேலாளர் பிரெண்டன் பில்லை மேசைமேல் வைத்தார். அதன்மேல் நெவிலின் மின்தணிக்கை அறிக்கையை வைத்தார். இரண்டையும் சேர்த்து நெவில் பக்கம் தள்ளினார்.

"நீங்க என்ன சொன்னீங்க, நெவ்?"

"குறையும்னு சொன்னேன்."

"பில் என்ன சொல்லுது?"

"வேற மாதிரி சொல்லுது."

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ஒரு மோட்டாரை மாத்தினது போதும், அதுவரைக்கும் என்னோட மத்த மோட்டார் எதையும் தொடாதீங்க."

நெவில் தலையாட்டினார். அவருக்கு மற்ற மோட்டார்கள்கூடப் பெரிதில்லை. உண்மையைச் சொன்னால், அவர் இந்த வேலையை ஒப்புக்கொண்டதே மோட்டாருக்காக அல்ல, சீஸ் ரோலுக்காக.

தெற்குக் கோடியில் இருக்கும் கோர் ஊரின் இந்தக் கம்பளி கழுவும் ஆலையில்தான் பதினெட்டு வயதில் அவர் மின்வேலை பழகினார். காலைத் தேநீர் இடைவேளையான ஸ்மோகோவுக்கு மணி அடித்ததும் ஃபிட்டர் மெர்வ், துண்டு போர்த்திய மரப்பெட்டியோடு வருவார். உள்ளே வெங்காயமும் சீஸும் வைத்துச் சுருட்டிய ரொட்டி. மேலே அப்பளமாக நொறுங்கும், உள்ளே பாகாக இழுக்கும். நீளப் பெஞ்சில் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே தின்பார்கள். வெளியே தெற்குக் காற்று தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு நெவில் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்குப் போனார், பெரிய மனிதரானார், அதாவது கொஞ்சம் குண்டானார். அந்த ரோல் மட்டும் எங்கும் வாய்க்கவில்லை. வீட்டு அடுப்பில் முயன்றார். மாமியார் வீட்டு அடுப்பில் முயன்றார். கல்யாண நாளுக்கென்று புது அடுப்பே வாங்கினார். மனைவி லொரெய்ன் ஒருநாள், "நீ தேடறது ரோல் இல்ல, உன் பதினெட்டு வயசு. அது எந்த அடுப்புலயும் வேகாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

மெர்வ் காலமாகிவிட்டார். ஆனால் கூடவே வேலை பழகிய ஹெமி இப்போது ஃபோர்மேன். கம்பளியைத் தரம் பிரிக்கும் டோரீன் இன்னும் இருந்தாள். அந்தப் பெஞ்சும் இருந்தது. யாராவது கொஞ்சம் நகர்ந்து, "உக்காரு நெவ்" என்று சொன்னால் போதும் என்று வந்தார்.

தணிக்கைக்கு வந்த முதல் நாள், அதிகாரிகள் போடும் வெள்ளைத் தொப்பியோடு ஸ்மோகோ அறைக்குள் நுழைந்தபோது பெட்டி காலி. துண்டு மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

"அச்சச்சோ, வெள்ளைத் தொப்பிக்கு எடுத்து வைக்கலையே" என்றான் ஹெமி. யாரும் நகரவில்லை.

நெவிலுக்கு மனது வலித்தது, கூடவே குதித்தது. அடுப்பு இன்னும் எங்கோ இருக்கிறது. வேலையை நன்றாகச் செய்து காட்டினால் காட்டிவிடுவார்கள்.

செய்து காட்டினார். மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு ஆலை முழுக்கச் சுற்றினார். பம்ப் அறைக் கதவில் மெர்வ் சிவப்புப் பெயின்டில் எழுதிய பலகை அப்படியே தொங்கியது: 'உயிருக்கு ஆபத்து. வேலை பழகும் பையன்கள் நுழையக் கூடாது.' அந்த நாளில் அதற்குப் பயந்து ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. இப்போது நெஞ்சு படபடக்கத் திறந்தார்.

உள்ளே ஒரு மோட்டார். அவ்வளவுதான். கன்றுக்குட்டி அளவு, பலமுறை கம்பிச்சுருள் மாற்றிக் கட்டியது, அந்தச் சின்ன பம்புக்குத் துளியும் பொருந்தாத பெரிசு. தொட்டால் கை சுட்டது. அதன் தலைமேல் நசுங்கிய தகரத் தட்டு ஒன்று, சுற்றிலும் ரொட்டித் தூள். 'எலித் தொல்லை உண்டு' என்று குறித்துக்கொண்டார். மோட்டார் நூறு பங்கு மின்சாரம் தின்று எழுபது பங்குக்குத்தான் உழைத்தது. மீதி முப்பதும் வெறும் சூடு. அறிக்கையில் 'இழப்பு' என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டமும் போட்டார்.

அடுத்த வாரமே அது பழைய இரும்பு லாரியில் ஏறியது, தட்டோடு.

"புதுசு எவ்வளவு சூடாகும், நெவ்?" என்று கேட்டான் ஹெமி.

"அதுமேல கன்னத்தை வெச்சுத் தூங்கலாம். அவ்வளவு குளுமை."

ஹெமி வாயைத் திறந்து, மூடினான். நெவில் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மீட்டரோடு கிளம்பினார். புது மோட்டார் சொன்ன சொல் தவறாமல் ஓடியது. ஆனால் தினமும் ஸ்மோகோவுக்கு முன்னால் ஆலையின் மின்சாரம் எம்பிக் குதித்தது. ஸ்மோகோ அறையில் பளபளவென்று ஒரு டோஸ்டர்.

"இது எப்போ வந்துது?"

"பசிச்சப்போ" என்றான் ஹெமி.

"முன்னாடி இல்லையே?"

"முன்னாடி வேற ஏற்பாடு."

"என்ன ஏற்பாடு?"

"வானம் இருட்டுது பாரு. மழை வரும்போல."

நெவில் அந்த பிளக் பாயின்டுக்குப் பூட்டு போட்டார். மறுநாள் கம்பளி மூட்டை கட்டும் அறையில் இரண்டு டோஸ்டர்கள் முளைத்தன. அங்கேயும் பூட்டினார். அதன்பிறகு எங்கும் எதுவும் கண்ணில் படவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை ஸ்மோகோவுக்குச் சற்று முன் கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்த டோஸ்டர்களும் ஒரு பழைய மின்னடுப்பும் ஒரே லைனில் ஒன்றாகக் கண் விழித்தன. லைன் டிரிப் ஆனது. கழுவும் தொட்டிகள் நின்றன. பாதி கழுவிய கம்பளி வெந்நீரில் ஊறி, ஆலை முழுக்க நனைந்த ஆட்டு வாடை.

பிரெண்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "போன மாசம் பில்தான் ஏறிச்சு, நெவ். இன்னிக்கு ஆலையே நின்னுபோச்சு. நீங்க முன்னேறிக்கிட்டே இருக்கீங்க. திங்கக்கிழமை சாவியையும் அந்த வெள்ளைத் தொப்பியையும் குடுத்துட்டுப் போங்க."

நெவில் அப்போதே தொப்பியைக் கழற்றினார். ஸ்மோகோ அறைக்குப் போய்ப் பெஞ்சின் ஓரத்தில், யாரும் சொல்லாமலே, பாதி உடம்பை மட்டும் வைத்தார். 

டோரீன் அவர் முன்னால் ஒரு ரோலை நகர்த்தினாள். லைன் போவதற்கு முன் டோஸ்டரில் அரைகுறையாக வெந்தது. கடித்தார். மேலே கரி, உள்ளே பச்சைத் தண்ணி.

"நல்லா இல்லைல்ல?" என்றாள்.

"மெர்வ் செஞ்ச மாதிரி இல்ல."

"இருக்காது. அது காலை ஷிஃப்ட் தொடங்கறப்பவே வெச்சு, சின்னச் சூட்டுல மெதுமெதுவா ஆகணும்."

"எந்த அடுப்புல, டோரீன்? கிழவனாயிட்டேன். வேலையும் போச்சு. இனிமேலாவது சொல்லுங்க. அந்த அடுப்பு எங்கதான் இருக்கு?"

ஹெமி தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு மெல்ல நகர்ந்து நெவிலின் மீதி உடம்புக்கும் இடம் விட்டான்.

டோரீன் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"பம்ப் அறையிலதான் இருந்துது, நெவ். 'இழப்பு'ன்னு வட்டம் போட்டு லாரியில ஏத்தினியே, அதுதான்."