இடம் தேடி அலைந்த கம்ப்யூட்டர்

அன்று காலை ஒரு வீரத் தீர்மானம் எடுத்தேன். மனைவிக்குத் தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக்குள் கொண்டுவந்தே தீருவது!

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை உதவியாளன். அந்தக் கம்ப்யூட்டர் பள்ளிக்கூடங்களுக்கென்றே செய்த பழைய ரகம். வெள்ளை உடம்பு. முன்னால் தடித்த கண்ணாடித் திரை. பின்னால் பூசணிக்காய் மாதிரி புடைத்த முதுகு. திரை, மூளை, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே பெட்டிக்குள். எங்கள் வீட்டில் சட்டம், நீதி, காவல் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது போல. பிள்ளைகள் எவ்வளவு தட்டினாலும் தாங்கும்படி செய்திருந்தார்கள். தூக்குகிறவன் தாங்குவானா என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

புது இயந்திரங்கள் வந்ததும், "பழசையெல்லாம் இரும்புக் கடைக்குப் போடுங்க. வேணும்னா நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார் தலைமையாசிரியர். மற்றதெல்லாம் எப்போதோ படுத்துவிட்டன. இது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. உயிரோடு இருப்பதை உடைக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே பாடாத ரேடியோ, அச்சடிக்காத பிரிண்டர், சுற்றாத விசிறி. "இன்னொரு பழைய சாமான் வாசப்படி ஏறினா, நான் வாசப்படி இறங்கிடுவேன்" என்று சொல்லியிருந்தாள் மனைவி. சொன்னால் செய்கிறவள்.

அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, கீபோர்டை அக்குளில் இடுக்கி, அதைக் கட்டிப்பிடித்தபடி மாடி ஏறினேன். படுக்கையறை மூலையில் இறக்கினேன். அப்படியே போர்வையைப் போட்டு மூடியிருக்க வேண்டும். கை சும்மா இருக்குமா? பிளக்கைச் சொருகி, பொத்தானை அமுக்கினேன்.

'ட்டொய்ங்ங்ங்!'

அதே நொடியில் வாசற்கதவு திறந்தது.

"என்னங்க அது சத்தம்?"

"பக்கத்து வீட்டுக் கடிகாரம்மா."

"அவங்கதான் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே?"

"கடிகாரத்தை மறந்துட்டாங்க போல."

"பாவம்" என்றாள். படுக்கையறை வாசலை மறித்து நின்றபடி நான் மூச்சு விட்டேன். பாதி மூச்சுதான் விட முடிந்தது.

"படுக்கையறையைப் பெருக்கணும். நகருங்க."

"நானே பெருக்குறேனே!"

"நீங்க பெருக்கினா குப்பைதான் பெருகும். இருங்க, துடைப்பத்தை எடுத்துட்டு வரேன்."

அவள் அந்தப் பக்கம் போனதும் பிளக்கைப் பிடுங்கி, அதை வாரித் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. தவழ்ந்தேன் என்பதே உண்மை. காய்கிற துணிகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத் திரும்பினால், எதிரே மனைவி.

"மழை வர்ற மாதிரி இருக்கு. துணியை எடுக்கப்போறேன்."

"வெயில் கண்ணைப் பறிக்குதேம்மா!"

"உங்களுக்குக் கண்ணு சொல்லுது, எனக்கு மூட்டு சொல்லுது. அடுப்பை அணைச்சுட்டு வரேன்."

அவள் சமையலறைக்குள் நுழைந்த நேரத்தில் அது குளியலறைக்குள் நுழைந்தது. என் இடுப்பில் ஏதோ 'டக்' என்றது. கதவைச் சாத்தக்கூட இல்லை, குரல் வந்தது.

"குளியலறையில யாருங்க? வாளியில துணி ஊற வைக்கணும்."

"வரேன்மா, வரேன்!"

தண்ணீரும் மின்சாரமும்! எட்டிப் பார்த்தேன். அவள் அலமாரிக்குள் தலையை விட்டு அழுக்குத் துணி தேடிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே, மூச்சுக்கூட விடாமல், அதைச் சுமந்து வாசலைத் தாண்டி மாடிப்படித் திருப்பத்தில் வைத்தேன். தலையைத் தூக்கியிருந்தால் தொலைந்தேன். தூக்கவில்லை.

"என்னங்க!" உள்ளேயிருந்து சத்தம். "மேல் மாடியில இருந்து வீட்டுக்காரர் இறங்கி வராராம். படியில எதையாவது பார்த்தா கத்துவாரு. பார்த்து எடுத்து வைங்க!"

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போச்சு! மறுபடி தூக்கினேன், இறங்கினேன். கண்ணுக்குப் படி தெரியவில்லை, வெள்ளை முதுகு மட்டும்தான் தெரிந்தது. காலால் துழாவித் துழாவி இறங்கும்போது வயர் காலில் சுற்றியது. ஒரு கால் அந்தரத்தில். கை வழுக்குகிறது. கீழே விழுந்தால் அது நொறுங்கும், கூடவே நானும். சுவரில் தோளை முட்டுக் கொடுத்து, வயரை உதறி, ஒருவழியாகத் தரைக்கு வந்தேன்.

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே டியூஷன் எடுக்கும் டீச்சர் வாசலிலேயே நின்றார்.

"வாங்க சார், வாங்க! அப்படியே இந்த மேசை மேல வச்சுடுங்க."

மேசை துடைத்து, பிளக்குக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள், விழிகள் விரிய. வைத்தேன். வைக்காமல் என்ன செய்ய, கை மரத்துவிட்டதே!

"உங்களுக்கு எப்படி..."

"அக்கா போன்ல சொன்னாங்க சார். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் ஒண்ணு வந்திருக்கு, பசங்களுக்கு ஆகும், இறக்கி அனுப்புறேன்னு."

திரும்பினேன். படியில் மனைவி. நான் படுக்கையறையிலேயே மறந்துவிட்ட கீபோர்டு அவள் கையில்.

"பார்த்துட்டியா?"

"நீங்க அதைக் கட்டிப்பிடிச்சு மாடி ஏறும்போது எதிர்க்கடையிலதான் நின்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! வீடு முழுக்கத் தூக்கிட்டு அலைஞ்சேனே!"

கீபோர்டை டீச்சரிடம் நீட்டிவிட்டு, சாவதானமாகச் சொன்னாள்:

"பின்னே, அதை நான் ஒருத்தியா தூக்கி இறக்க முடியுமாங்க?"