பெரிய போன் பிரஸ்ஸில் இருக்கிறது

"அது எப்படிலே எம் பொண்டாட்டிக்குப் போகும்? நான் முதலாளிக்குத்தான அனுப்பினேன்?"

"முதலாளிக்கும் போயிருக்கும். நீ சின்ன போன்ல எடுக்குற போட்டோ தன்னால பெரிய போனுக்கு வந்துரும்ல. அங்கன இருக்குற குடும்ப ஆல்பத்த உன் வீட்டம்மாவும் அவுக போன்ல பாப்பாகல்ல."

"நீதான ரெண்டையும் சேத்துவிட்ட?"

"சேக்கச் சொன்னது யாரு? ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும், இம்புட்டுகூட மாறக் கூடாதுன்னு என் உசுர வாங்குனது யாரு?"

சாபிர் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், சின்ன போனைக் காதில் வைத்து நின்றிருந்தான். எதிர்முனையில் பேசிய பாண்டி சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் இருந்தான். பாண்டியின் முன்னால், காகிதக் கட்டின் மேல், சாபிரின் பெரிய போன் கிடந்தது. மனைவி மஹ்ரீனைப் பொறுத்தவரை சாபிரும் அங்கேதான் இருந்தான்.

நிக்காஹ் பேசும்போது மஹ்ரீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மாப்பிள்ளை பட்டாசு வேலைக்குப் போகக் கூடாது. அவளுடைய மாமா ஒருவர் போனார். சாயங்காலம் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு மட்டும் வீட்டுக்கு வந்தது.

"போனீகன்னு தெரிஞ்சா அன்னைக்கே காரியாபட்டிக்கு பஸ் ஏறிருவேன். கூப்பிட வராதீக" என்றாள். காரியாபட்டி அவளுடைய தாய்வீடு. அவள் அதைச் சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் சாபிருக்குப் பயமாக இருந்தது.

அப்போது அவனும் பிரஸ்ஸில்தான் வேலை பார்த்தான். காலண்டர் சீசன் முடிந்ததும் ஆளைக் குறைத்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிடும் வேலை கிடைத்தது. மஹ்ரீனிடம் சொல்லத் தைரியம் வேண்டும். சாபிர் தைரியத்துக்குப் பதிலாக ஒரு பழைய சின்ன போனை வாங்கினான்.

காலையில் பெரிய போனைப் பாண்டியிடம் கொடுத்துவிட்டு வருவான். மஹ்ரீனின் மேப்பில் அவன் பிரஸ்ஸில் இருப்பதாகப் புள்ளி காட்டும். மெசேஜ் இரண்டு போனிலும் வரும். அழைப்பு வந்தால் சின்ன போனுக்குத் திரும்பிவிடும். ஆனால் கம்பெனிக்குள் போன் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் சோலைமலையின் மரப்பெட்டியில் போனைப் போட்டு, செருப்பைக் கழற்றி, உடம்பில் தங்கிய மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ நேரத்தில் பெட்டிக்கு ஓடி வருவான். "மெஷின் சத்தத்துல கேக்கல மஹ்ரீன்" என்று அனுப்புவான். இப்படியே நாள் ஓடியது.

இன்று லோடு ஏறிய லாரியைக் கேட்டுக்கு வெளியே வைத்துப் படம் எடுத்தான். தினமும் ஃபோர்மேன் முதலாளிக்கு அனுப்பும் படம்தான்; இன்று முதல் முறையாக அவனை அனுப்பச் சொல்லியிருந்தார். லாரிக்குப் பின்னால் சுவரில் சிவப்பு எழுத்தில் 'தீ அபாயம்' என்று இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

மஹ்ரீன் கவனித்திருந்தாள்.

"மச்சான், இது எந்த எடம்?"

சாபிர் "கஸ்டமர் கம்பெனி. லேபிள் கொடுக்க வந்தேன். கேட்டுக்கு வெளியதான் நிக்கேன்" என்று அனுப்பினான்.

"மேப்புல பிரஸ்னு காட்டுதே?"

"போன பிரஸ்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

அனுப்பிய பிறகுதான் தான் எழுதியதைப் படித்துப் பார்த்தான். அதற்குள் அவளும் படித்துவிட்டாள்.

"அப்ப இத எதுல இருந்து டைப் பண்றீக?"

"என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் சோலைமலை கேட்டுக்குள்ளிருந்து. "தண்ணி குடிக்கீகளா?"

சாபிர் தலையை மட்டும் ஆட்டினான். "நான் இங்க ஆபீஸ் போன்ல இருந்து சொல்லச் சொல்ல, பாண்டி அங்க டைப் பண்றான்" என்று அடித்தான்.

பதில் வந்தது.

"சாப்பிட்டீகளா?"

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இந்த அன்பு எங்கேயிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. "இன்னும் சாப்பிடல" என்று அனுப்பினான். அதே நொடியில் அதற்குக் கீழேயே, அவன் பெயரிலேயே, இன்னொரு பதில் வந்து விழுந்தது: "சாப்பிட்டேன். தக்காளி சாதம்."

பிரஸ்ஸில் பாண்டி உதவி செய்ய ஆரம்பித்திருந்தான்.

சாபிர் பதறி "சாப்பிட்டேன்" என்று திருத்தினான். பாண்டியும் பதறி "இன்னும் சாப்பிடல" என்று திருத்தினான்.

"சரி மச்சான்" என்றாள் மஹ்ரீன்.

"அந்தப் போட்டோவ அழிலே மொதல்ல!" என்று பாண்டி போனில் கத்தினான். சாபிர் அழித்தான். சின்னதில் போனது, பெரியதிலும் போனது, ஆல்பத்திலும் போனது.

"போட்டோவக் காணோமே மச்சான்?"

"மாப்ளே, செத்தேன்" என்றான் சாபிர்.

"பொறு. போன மறந்துட்டு வந்துட்டேன்னு சொன்னேல்ல? நான் பெரிய போன அங்கன கொண்டுவாரேன். கஸ்டமர் கம்பெனில நீ இருக்க, போனும் இருக்கு. எல்லாம் சரியாப் போகும்."

பயத்தில் இருப்பவனுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான். "சீக்கிரம் வா" என்றான்.

சின்ன போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டான். சிவகாசியிலிருந்து அவனுடைய புள்ளி கிளம்பியது. தான் இங்கே மரத்தடியில் நிற்க, தூரத்திலிருந்து தானே வந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. வந்து சேர்கிறவன் தன்னைவிடத் தைரியசாலியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். பாதி வழியில் புள்ளி நின்றது. நகரவே இல்லை.

"ஏலே, நான் ஏன் அங்கன நிக்கேன்?"

"ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்லே. தொண்ட காஞ்சு போச்சு."

மஹ்ரீனும் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. "வண்டியிலயா போறீக? ஹெல்மெட் போட்டிருக்கீகளா?"

"போட்டிருக்கேன்" என்று அனுப்பினான் சாபிர், புள்ளி மறுபடி நகர்வதைக் கவனிக்காமல்.

"வண்டி ஓட்டிக்கிட்டே டைப் பண்ணாதீக மச்சான்."

பாண்டி வந்து இறங்கிப் பெரிய போனை நீட்டினான். ஒரு கையில் பெரியதும் இன்னொரு கையில் சின்னதுமாகச் சாபிர் நின்றான். இரண்டு திரையிலும் ஒரே புள்ளி. அது தாயில்பட்டியில் இருந்தது. நான்கு மாதமாக அவன் எந்த ஊரை மறைத்தானோ அந்த ஊருக்கு, தன் போனைத் தானே வரவழைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் காலுக்குக் கீழே தரை அசைந்தது. பிறகுதான் காதுக்கு வந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. உள்ளே அறைகளிலிருந்து பெண்களும் ஆண்களும் வெறுங்காலோடு கேட்டை நோக்கி ஓடி வந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாண்டி சாபிரின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கல்குவாரி வெடி! கல்குவாரிக்காரன் போட்ட வெடி! நம்ம பக்கம் ஒண்ணுமில்ல!" என்று ஃபோர்மேன் ராஜபாண்டியன் கையை வீசிக்கொண்டு வந்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மரப்பெட்டி முழுவதும் அலற ஆரம்பித்துவிட்டது. சத்தம் கேட்ட ஊர்களிலிருந்தெல்லாம் அழைத்தார்கள். ஆளாளுக்குப் போனை எடுத்து, "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்", "அழாத, நல்லாருக்கேன்" என்று ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

சாபிரின் இரண்டு போன்களும் அமைதியாக இருந்தன.

பெரியதிலிருந்து மஹ்ரீனை அழைத்தான். பிசி. சின்னதிலிருந்து அழைத்தான். அதுவும் பிசி.

"காரியாபட்டிக்குப் பேசிக்கிட்டிருக்கா" என்றான். "பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டுக்கிட்டிருப்பா."

"இல்ல மாப்ளே..."

"முடிஞ்சுபோச்சு பாண்டி. பொட்டி கட்டிருப்பா."

மறுபடி அழைத்தான். பிசி. அந்த ஒலியைக் கேட்கக் கேட்க, வெடிச் சத்தத்தில்கூட வராத பயம் அவனுக்கு இப்போது வந்தது. வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்கும். பக்கத்து வீட்டில் சாவி இருக்கும். அடுக்களையில் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இதையெல்லாம் அவன் நின்ற இடத்திலிருந்தே பார்த்தான்.

கேட்டருகே சோலைமலை தன் பட்டன் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா தாயி, எங் கண்ணு முன்னாடிதான் நிக்காரு. ரெண்டு கையி, ரெண்டு காலு, ரெண்டு போனு, எல்லாம் இருக்கு. அழாதீக."

பிறகு போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, சாபிரிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டம்மாதான் தம்பி. நீங்க வேலைக்குச் சேந்த வாரமே சட்டையில மருந்து வாடை அடிக்குதுன்னு விசாரிச்சுக் கண்டுபிடிச்சிட்டாக; அதுல இருந்து, வெளிய வந்துட்டீகளான்னு தெனமும் சாயங்காலம் எங்கிட்டத்தான் கேப்பாக. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காக. இன்னைக்கி மட்டும் உங்க குரலக் கேக்கணுமாம், ஒரு வார்த்த பேசுறீகளா?"