வேட்டி போர்த்திய குரோட்டன்ஸ்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே பொருள் பட்டு. வேறு எதைக் கையில் கொடுத்தாலும் அதையும் பட்டு மாதிரியே நடத்துவேன். (இதைப் படித்தால் என் மனைவி, "இப்ப மட்டும் மாறிட்டாரா?" என்பாள்.)

எங்களுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த பகலில், செவிலிமேட்டில் பெண் வீட்டு மொட்டைமாடிக்கு, "சும்மா பேசிக்கினு இருங்க" என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தறியைத் தவிர வேறு யாருடனும் தனியாக உட்கார்ந்து பழக்கமில்லை. மாடி முழுக்கப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் குரோட்டன்ஸ் செடிகள். கொளுத்தும் வெயிலில் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. கோமதிதான் முதலில் பேசினாள்.

"நீங்களே நெய்வீங்களாமே?"

"ம்."

"அப்போ முகூர்த்தப் புடவையை நீங்களே நெய்ஞ்சு குடுங்க. இந்தச் செடி கலர்ல." ஒரு டப்பாவைத் தூக்கி என் கையில் வைத்தாள். "கடைப் புடவை எல்லார்கிட்டயும் இருக்குது. இது எனக்குன்னு இருக்கட்டும்."

அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள். அதில் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது என்று அப்போதே வியர்த்துவிட்டது.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து, சன்னல் பக்கம் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் பால் பல்லோடு சேர்ந்து முளைக்கிற பாடம் ஒன்று உண்டு: வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். தோய்த்த நூலைக்கூட நிழலில்தான் உலர்த்துவோம். இவ்வளவு நல்ல சிவப்பை வெட்டவெளியில் போட்டு வைத்திருக்கிறார்களே என்று பெண் வீட்டாரை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். செடியைத் தறிக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பத்திரமாக வைத்தேன்.

பத்து நாளில் சிவப்பு இலைகள் உதிரத் தொடங்கின. புதிதாக வந்த இலைகள் பச்சையாக வந்தன. எனக்குப் பகீரென்றது. எங்கிருந்தோ வெளிச்சம் புகுந்து கலரைத் தின்கிறது! சன்னலைச் சாத்தினேன். இன்னும் பச்சை. பழைய வேட்டி ஒன்றை எடுத்து மேலே போர்த்தினேன்.

"இன்னாடா, செடிக்குக் குளிர் ஜுரமா?" என்றாள் அம்மா.

"சாயம் போவுதும்மா."

"செடிக்கு எவன்டா சாயம் போட்டான்?"

நல்ல கேள்வி. அன்றைக்கே அதை உட்கார்ந்து யோசித்திருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது செடி ஒல்லியாக, நெட்டையாக, சாத்திய சன்னலின் இடுக்கை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. நல்லா வளருதே என்று அதிலும் எனக்கு ஒரு பெருமை. சிவப்பு மட்டும் ஒரு பொட்டு இல்லை.

சாயம் போடும் ஏழுமலை அண்ணன் வந்து நின்றார். "தையில கல்யாணம். இப்போ நூல் தோச்சாத்தான் ஆவும். இன்னா கலர்பா?"

சிவப்பு என்று ஞாபகம் இருந்தது. ஆனால் எந்தச் சிவப்பு? அரக்கா, குங்குமமா, மிளகாய்ப்பழமா? போன் போட்டுக் கேட்டிருக்கலாம். (போட்டேன். "சாப்டீங்களா?" என்றேன். "ஆச்சு" என்றாள். வைத்துவிட்டேன்.) கடைசியில் என் மூளைக்கு ஒரு நியாயம் கிடைத்தது. அவள் கேட்டது செடியின் கலர். செடி இப்போது பச்சை. அது மாறும் என்று தெரியாமலா கொடுத்திருப்பாள்? ஒரு இலையைக் கிள்ளி அண்ணன் கையில் கொடுத்தேன்.

"முகூர்த்தத்துக்குப் பச்சையாப்பா?"

"அவங்க கேட்டதுண்ணா."

இருபது நாள் உட்கார்ந்து நெய்தேன். ஒரு இழை தவறவில்லை. தப்பான கலரில் அவ்வளவு சுத்தமான புடவையை நான் அதற்கப்புறம் நெய்ததே இல்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு கையில் புடவை, ஒரு கையில் செடியோடு செவிலிமேட்டுக்குப் போனேன். கூடத்தில் உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்திருக்க, கோமதியின் அத்தை புடவையைப் பிரித்தார்.

"செகப்புன்னு சொன்னியேம்மா," என்றார் அத்தை.

சாட்சி சொல்லட்டும் என்று செடியை முன்னால் நகர்த்தினேன். அது நாலு பச்சை இலையோடு என்னைவிடப் பரிதாபமாக நின்றது.

"மாப்ளைக்குக் கலர் தெரியுமா, தெரியாதா?" அத்தை என்னை விட்டுவிட்டுக் கோமதியின் அப்பாவிடம் கேட்டார். "நெய்யறவருக்கே கலர் தெரியலன்னா எப்படிண்ணா? இப்பவே விசாரிச்சுக்கங்க."

கல்யாணம் கைநழுவுகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. கோமதி எழுந்து வந்து செடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"பீரோ பின்னாடி."

"ஏங்க?"

"வெயில் பட்டா கலர் போயிடும்னு. வேட்டிகூடப் போர்த்தினேங்க."

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு செடியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "குரோட்டன்ஸுக்கு வெயில் பட்டாதாங்க கலரே வரும்! இருட்டுல வெச்சா பச்சையாத்தான் ஆவும்."

"சரி, நாள் இருக்குது. வேற புடவை எடுத்துடலாம்," என்றார் அத்தை.

"வேணாம் அத்தை." புடவையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "செடிக்கு வேட்டி போர்த்திப் பாத்துக்கினவரு. நான் இதையே கட்டிக்கிறேன்."

பச்சைப் புடவையில்தான் தாலி கட்டினேன். செடியை அவள் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து, முதலில் தண்ணீர்த் தொட்டியின் ஓர நிழலில் வைத்தாள். ஒரேயடியாக வெயிலுக்குக் கொண்டுபோனால் கருகிவிடுமாம். தினம் கொஞ்சம் தள்ளித் தள்ளி நடு மாடிக்குக் கொண்டுவந்தாள். சித்திரைக்குள் புது இலைகள் சிவந்துவிட்டன. புடவை இன்னும் பச்சைதான்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் நாற்காலி தேடுவது என் வழக்கம். இருபது வரிசை தாண்டி முன்னாலிருந்து கோமதியின் குரல் வரும். கூடவே எங்கள் பெண்ணின் சிரிப்பும்.

"என்னாங்க, வெளிச்சத்துக்கு வாங்க! அங்கயே இருந்தா கலர் வராது!"

ஒரு வரிசை முன்னால் நகர்ந்து உட்காருவேன். ஒரேயடியாகப் போகக் கூடாதல்லவா.