சூரியனுக்கு ஆதரவு தெரிவித்தவர்

ஊருக்கு வரும் நல்லதை எதிர்ப்பவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவர்களைச் சமாளிப்பது எளிது. எதிரே நிற்பார்கள், முகம் தெரியும், முடியாது என்பார்கள், விஷயம் முடிந்தது. நாம் பார்க்கப்போவது வேறோர் இனம். இந்த இனத்தார் எதையும் எதிர்க்கவே மாட்டார்கள். ஆதரிப்பார்கள். முழு மனதோடு, கண் கலங்க, மைக் கையில் கிடைத்துவிட்டால் அடுத்தவருக்கு விடாமல் ஆதரிப்பார்கள். அவர்கள் ஆதரித்து முடித்த பிறகு அந்தத் திட்டத்துக்குக் கருமாதி பண்ண வேண்டியதுதான் பாக்கி.

கொள்கையளவில் ஆதரிப்பவர் என்று இவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். எங்கே இருப்பார்கள் என்கிறீர்களா? எங்கேதான் இல்லை? இருந்தாலும் நன்றாக விளைந்த ஒருவரைப் பார்த்தால்தான் இனத்தின் லட்சணம் முழுக்கப் பிடிபடும். வல்லத்திராக்கோட்டைக்குக் கிட்டத்தில் ஓர் ஊரில் ரெங்கசாமி என்று ஒருவர் இருக்கிறார். வாருங்கள், அவர் வீட்டுக்குப் போவோம்.

ரெங்கசாமி துபாயில் இருபது வருடம் ஏசி போடும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, பாலைவனத்தை முடிந்தவரை குளிரவைத்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டில் அறைக்கு ஓர் ஏசி உண்டு. ஆள் இல்லாத அறைக்கும் உண்டு. பூமி சூடாவது பற்றி இந்த வட்டாரத்தில் அவர் அளவுக்குக் கவலைப்படுகிறவர் யாரும் கிடையாது. காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார். உருகும் பனிக்கட்டியில் ஒற்றைக் கரடி நிற்கும். கீழே 'நாம் விழிப்பது எப்போது?' என்று இருக்கும்.

"அந்தக் கரடிக்காக இம்புட்டு உருகுறீங்களே, பின்னாடி ரூம்புல ஏசி ராவெல்லாம் ஓடியிருக்கு. அதை யாரு அமத்துறது?" என்பார் அவர் மனைவி பரிமளா.

"நான் உலகளவுல பேசிக்கிட்டிருக்கேன் பரிமளா. நீ ரூம்பளவுல பேசுற."

சுற்றுச்சூழல் தினத்தன்று பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். மரக்கன்று நடுவார். ஒவ்வொரு வருடமும் அதே குழியில் நடுவார். போன வருடக் கன்று பட்டுப்போய் இடத்தைக் காலி செய்து வைத்திருக்கும். அப்புறம் சூரியசக்தி பற்றிப் பேசுவார். "நம்ம தலைக்கு மேல தெனமும் ஓசியில ஒரு பவர் ஹவுஸ் ஓடிக்கிட்டிருக்கு. அதைப் பிடிக்கத் தெரியலையே நமக்கு!" என்று அவர் ஆகாயத்தைக் காட்டும்போது பிள்ளைகளும் அண்ணாந்து பார்ப்பார்கள். துபாயில் நேருக்கு நேர் பழகியவர் என்பதால் சூரியனைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஓர் உரிமை இருந்தது.

இப்படி அவர் ஆகாயத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அந்தப் பவர் ஹவுஸ் சோலார் திட்டமாக நிஜமாகவே ஊருக்குள் வந்துவிட்டது.

அந்த ஊரில் விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். பாதி முறை ராத்திரியில் வரும். ராத்திரி வந்தால் ராத்திரி போய் மோட்டார் போட வேண்டும், பாத்தி பாத்தியாக மடை திருப்ப வேண்டும். செல்வராணி என்கிற மல்லிகைத் தோட்டக்காரியின் புருஷன் அப்படிப் போனவர்தான் வரப்பில் பாம்பை மிதித்தார். பிழைத்து வந்தார்; கால் பழைய காலாக இல்லை. அதற்குப் பிறகு அவள் போகிறாள்.

திட்டம் இதற்குத்தான். ஊர்ப் புறம்போக்கில் சோலார் தகடுகளை வரிசையாக நிறுத்தி, அந்த மின்சாரத்தில் விவசாய மோட்டார் எல்லாவற்றையும் பகலிலேயே ஓடவிடுவது. கிராமசபையில் இடம் தரச் சம்மதம் என்று தீர்மானம் போட்டால் போதும். இடத்தைப் பார்வையிட வந்த இளம் இன்ஜினியர் தேவிப்ரியாவை, ஊரில் இதெல்லாம் தெரிந்த மனிதர் என்று ரெங்கசாமியிடம்தான் அனுப்பினார்கள். அவர் இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரித்தார். துபாய் வெயிலையும் புதுக்கோட்டை வெயிலையும் ஒப்பிட்டுப் பேசினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அப்ப சார் ஃபுல் சப்போர்ட்டு?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? இதுக்காகத்தான நான் தொண்டை வறளக் கத்திக்கிட்டிருக்கேன். எந்த எடத்துல போடுறீங்க?"

"குதிரைப் பொட்டல்ல சார்."

ரெங்கசாமி இளநீரைக் கீழே வைத்தார்.

குதிரைப் பொட்டல் என்பது புல்லுகூட யோசித்து முளைக்கும் கட்டாந்தரை. புரவி எடுப்பின்போது மட்டும் அதற்கு உயிர் வரும். வேளார் செய்துவைத்த மண் குதிரைகளை ஊரே தோளில் தூக்கிவந்து அங்கே இறக்கிக் கண் திறந்து, பிறகுதான் அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகும். குதிரைகள் எந்த வீட்டு வாசலைக் கடந்து பொட்டலுக்குள் நுழைகின்றனவோ அந்த வீட்டுக்காரர் தலையில் முதல் பரிவட்டம் கட்டுவது அந்த ஊர் வழக்கம். குதிரைகள் தலைமுறை தலைமுறையாக மேற்கே இருந்து நுழைகின்றன. மேற்கே இருப்பது ரெங்கசாமி வீடு. தகடு வந்தால் மேற்கே வேலி வரும், வழி கிழக்கே திரும்பும். கிழக்கே இருப்பது பங்காளி ரகுநாத் வீடு. சாக்கடைத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத ரகுநாத். அவன் தலையில் பரிவட்டமா? அப்பா தலையிலும் தாத்தா தலையிலும் ஏறிய துணி, சாக்கடை அடைத்தவன் தலையில் ஏறுவதை இவர் கைகட்டி நின்று பார்ப்பதா? அவர் பயம் பொய்யில்லை. ஆனால் கரடிக்காக உருகிப் பேசிய வாயால், 'எனக்குப் பரிவட்டம் போயிரும்' என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாத காரணம் ஒன்று உள்ளே உட்கார்ந்துவிட்டால், சொல்லக்கூடிய காரணங்கள் வெளியே வந்துகொண்டே இருக்கும். இந்த இனத்தின் விஞ்ஞான அறிவு அங்கிருந்துதான் பிறக்கிறது.

கிராமசபை கூடியது. தலைவர் ராக்காயி, "அண்ணே, வெவரமானவுக நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுத்தார். பாவம், நல்லது நினைத்துத்தான் கொடுத்தார்.

"இமயமலையில பனி உருகுதுங்க. கடல் ஏறுது. மணமேல்குடி கடக்கரைக்கு நாளைக்கு என்ன கதியோன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கலை. இதுக்கெல்லாம் ஒரே மருந்து சூரியன். இந்தத் திட்டத்தை நான் கொள்கையளவுல முழுசா ஆதரிக்கிறேன்."

கைதட்டல்.

"ஆனா..."

கவனியுங்கள். மற்றவர்கள் பேச்சில் 'ஆனா' ஒரு வளைவு. வண்டி திரும்பிக்கொண்டு மேலே போகும். இவர்கள் பேச்சில் அதுதான் கடைசி நிறுத்தம்.

"ஆனா மயிலைப் பத்தி யாராச்சும் யோசிச்சீங்களா? தகட்டுல தன் உருவத்தைப் பாத்தா இன்னொரு மயிலுன்னு நெனச்சுக் கொத்தப் போவும். மூக்கு ஒடைஞ்சா யாரு பொறுப்பு? தேசியப் பறவைங்க அது."

"எங்க கடலைக் கொல்லையத் தோண்டித் திங்கிறப்ப அது தேசியப் பறவையாத் தெரியலையே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். போன வாரம் தன் கொல்லையில் இறங்கிய அந்தத் தேசியப் பறவையை ரெங்கசாமி வெடி போட்டுத்தான் விரட்டியிருந்தார்.

தேவிப்ரியா பொறுமையாக எழுந்தார். "மத்த ஊர்ல அப்படிப் பெருசா ஒண்ணும் ஆகலைங்க சார்."

"சரி, மழை? அம்புட்டு வெயிலையும் தகடு இழுத்துக்கிச்சுன்னா மேகம் எதுலம்மா உருவாகும்?"

"கட்டாந்தரையில விழுற வெயிலு தகட்டுல விழப்போவுது, அவ்வளவுதான் சார். மழை மேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அது ஒங்க கருத்து. கதிர்வீச்சு?"

"அது செல்போன் டவருக்குச் சொல்லுவாங்க சார்."

கூட்டம் சிரித்தது. அந்த டவர் ரெங்கசாமி வீட்டு மாடியில்தான், மாத வாடகைக்கு நிற்கிறது. அதில் கதிர்வீச்சு இருப்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது செல்வராணி எழுந்தாள். பேசிப் பழக்கமில்லாதவள், முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மாமா, மயிலு, மேகமெல்லாம் எனக்குத் தெரியாது. பகல்ல கரண்டு வந்தா பகல்ல தண்ணி பாய்ச்சுவேன். எங்க வீட்டுக்காரருக்கு ஆனது ஒங்களுக்குத் தெரியும். இப்ப நாந்தேன் ராத்திரி கொல்லைக்குப் போறேன். நான் திரும்பி வார வரைக்கும் புள்ள தூங்காமக் கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சரின்னா ஊரே சரின்னுரும் மாமா."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரெங்கசாமி கல்நெஞ்சக்காரர் இல்லை. பாம்பு கடித்த அன்று காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரே அவர்தான். அந்த நொடியில் அவர் சரி என்று சொல்லியிருப்பார். ஆனால் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ரகுநாத் நின்றுகொண்டிருந்தான். அதுவும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஒனக்காகத்தான் ஆத்தா நான் சொல்றதே" என்றார் குரல் தழுதழுக்க. "அவசரப்பட்டு ஒண்ணு பண்ணிப்புட்டுப் பின்னாடி நாம அழக் கூடாது. ஒரு குழுவப் போட்டு நல்லா ஆராஞ்சு அடுத்த கூட்டத்துல முடிவெடுப்போம். நான் எதுக்கலை. ஒத்திவைங்கன்னுதான் சொல்றேன்."

ஊர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. ஏன் தெரியுமா? பொட்டலில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் இருந்தார். கதிர் அறுக்கும் மெஷினை அங்கே நிறுத்தி வைப்பவர் ஒருவர் இருந்தார். ரகுநாத்துக்கோ, தகடு பளபளவென்று தன் மாடி ஜன்னலில் அடிக்குமே என்று கவலை. பரிவட்டம் தன் பக்கம் திரும்பும் என்ற கணக்கே அவன் மூளையில் உதிக்கவில்லை. எல்லோருக்கும் திட்டம் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பொட்டலும் வேண்டியிருந்தது. வாய்விட்டுச் சொல்ல ஓர் அறிவாளி கிடைத்ததில் அத்தனை பேருக்கும் நிம்மதி.

குழுவுக்கு ரெங்கசாமிதான் தலைவர். குழு ஒருமுறை கூடியது. வடை நன்றாக இருந்தது.

தீர்மானம் கொடுக்க வேண்டிய தவணை முடிந்ததும் திட்டம் குளத்தூர்ப் பக்கம் போய்விட்டது. அங்கே தகடுகள் எழும்பிய அன்று ரெங்கசாமியின் ஸ்டேட்டஸில் கரடிக்குப் பதிலாக அந்தப் படம் வந்தது. 'தலைநிமிர்கிறது புதுக்கோட்டை மாவட்டம்!' ஓரத்தில் கும்பிட்டபடி அவர் படமும் இருந்தது.

பொட்டலில் நட்ட அளவுக் குச்சிகளைப் பிடுங்க வந்த தேவிப்ரியாவுக்குத் தண்ணீர் கொடுத்த பரிமளா, மனசு கேட்காமல் பரிவட்ட விஷயத்தை உடைத்துவிட்டார். அந்தப் பெண் சொம்பைக் கீழே வைத்தார்.

"இதுக்கா அக்கா? மேக்கால ஒரு கேட்டு வச்சுக் குதிரைக்கு வழி விட்டிருப்போமே! சார் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அதைத்தான் அவரால சொல்ல முடியலைம்மா. மத்ததெல்லாம் சொல்லுவாரு."

புரவி எடுப்பு நடந்தது. குதிரைகள் மேற்கே இருந்தே நுழைந்தன. ரெங்கசாமி தலையில் பரிவட்டம் ஏறியது. மறுநாள் அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்கட்டும் என்று பைக்கில் மெதுவாக ஒரு சுற்று வந்தவர், செல்வராணி கொல்லையருகே பிரேக் போட்டார். மல்லிகைச் செடிகள் வேரோடு பிடுங்கிக் குவிக்கப்பட்டிருந்தன. அவளும் அவள் புருஷனும் தைலமரக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பகீர் என்றது. நிலத்தடி நீரைத் தைலமரம் உறிஞ்சிக் குடிப்பதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் அவர் எத்தனை பேசியிருப்பார்!

"என்ன ஆத்தா இது? படிச்சுப் படிச்சுச் சொல்லியும் தைலமரத்தை வைக்கிறியே! நாளைக்குத் தண்ணிக்கு எங்கிட்டுப் போறது?"

"இதுக்கு ராத்திரி தண்ணி கட்டப் போக வேணாம்ல மாமா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாமா. அன்னைக்குக் கூட்டத்துல எல்லாருமே நல்ல திட்டம்னுதான சொன்னாக? பெறகு வேணாம்னது யாரு?"

இத்தனை பேசிய மனிதர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய ஆள்தான். உங்களுக்குப் பொட்டல் கிடையாது, பரிவட்டம் கிடையாது, பங்காளி இருந்தாலும் வேறு ஊரில் இருப்பார். அப்பார்ட்மென்ட் மொட்டைமாடியில் பொதுவுக்கு சோலார் போடலாம் என்று யாரோ சொன்னபோது வடகம் காயவைக்க இடம் இருக்காதே என்று தோன்றியதை, 'கட்டடம் தாங்குமான்னு முதல்ல பார்க்கணும்' என்று மாற்றிச் சொன்னவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். கார் சார்ஜ் பண்ணும் இடத்தைப் பக்கத்து பிளாக்கில் வைத்தால் இன்னும் வசதி என்று பெருந்தன்மையோடு எழுந்து சொன்னவரும் வேறு யாரோ. அதனால் உங்களிடம் கேட்பதில் தப்பில்லை. நீங்கள் கடைசியாக மனமார ஆதரித்த நல்ல காரியம் எது? அது இப்போது எங்கே இருக்கிறது?